மேசையா, மறுபடியும் திரையா: பால்டர்ஸ் கேட் 3 முடித்த குழுவுக்கு

பால்டர்ஸ் கேட் 3-ஐச் சேர்ந்து ஆடி முடித்த நண்பர்களிடம் அடுத்து கிளம்பும் பேச்சு பெரும்பாலும் இதுதான்: “இதையே மேசையில உட்கார்ந்து ஆடினா என்ன?” ஆசையில் நியாயம் உண்டு. பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட அந்த வீடியோ கேம், நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிப் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு விதிகளின் மேல் கட்டப்பட்டது. பாதி விதி கைவந்துவிட்டது, ஆளுக்கொரு பகடை செட் வாங்கினால் தொடங்கிவிடலாம் என்று தோன்றும். பல குழுக்கள் அப்படித்தான் தொடங்குகின்றன. மூன்றாவது வாரத்தில் நின்றும் போகின்றன.

ரசிகர்களின் ஒப்பீடு இந்த முடிவை எடுக்க அதிகம் உதவாது. மேசைப் பக்கத்தார் “எங்க ஆட்டத்துல எதை வேணா செய்யலாம்” என்பார்கள். கேம் பக்கத்தார் “இங்க எல்லாம் கண்ணுக்கு முன்னாடி நடக்குது” என்பார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் கணக்குப் போடுவது, உலகத்தை நினைவில் வைத்திருப்பது, தப்பு நடந்தால் சரிக்கட்டுவது ஆகிய வேலைகளை யார் தலையில் ஏற்றுவது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. கேமில் அது இயந்திரத்தின் பாடு. மேசையில் நண்பர்களுள் ஒருவர் அதைச் சுமக்கிறார். கதையைச் சொல்லி, எதிரிகளையும் ஊராரையும் ஆட்டுவிக்கும் அவர்தான் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். உங்கள் குழுவில் அந்த வேலையை விரும்பிச் செய்ய ஒருவர் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு மற்றதைப் பேசலாம்.

ஒரு சண்டைக்கு எத்தனை நிமிடம்

இரண்டிலும் அடிப்படை ஒன்றே. இருபது முகப் பகடையை உருட்டி (இதற்கு டி20 என்று பெயர், கிரிக்கெட்டோடு சம்பந்தமில்லை), பாத்திரத்தின் திறனுக்கான கூட்டல் மதிப்பைச் சேர்த்து, இலக்கு எண்ணைத் தொட்டால் வெற்றி. கூட்டல் 5, இலக்கு 15 என்றால் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். 55 சதவீத வாய்ப்பு. ‘அட்வான்டேஜ்’ கிடைத்து இரண்டு பகடை உருட்டி நல்லதை எடுத்துக்கொண்டால் அது ஏறக்குறைய 80 ஆகிவிடும்.

கேம் இதையெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்து முடிக்கிறது. மேசையில் பழகிய ஆட்டக்காரருக்கே ஒரு முறைக்கு இரண்டு நிமிடம் பிடிக்கும். நான்கு பேருக்கு எட்டு, எதிரிகளுக்காக டிஎம்முக்கு நான்கு. ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு நிமிடம். சாதாரணச் சண்டை நான்கு சுற்று போகும் என்றால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். மூன்றரை மணி நேர அமர்வில் இரண்டு சண்டை, நடுவில் கொஞ்சம் பேச்சு, ஒரு தேடல், அவ்வளவுதான் அடங்கும். பால்டர்ஸ் கேட் 3-இல் கோப்ளின் என்ற குட்டி அரக்கர்களின் முகாமையே ஒட்டுமொத்தமாக வம்புக்கு இழுத்து இருபது, முப்பது பேரோடு மோதலாம். அதே மோதலை மேசையில் வைத்தால், டிஎம் முப்பது பகடை உருட்டும் நேரத்தில் மற்றவர்கள் கைபேசியை எடுத்துவிடுவார்கள். நான்கு ஆட்டக்காரர்களுக்கு எதிரே நான்கிலிருந்து ஆறு எதிரிகள் போதும். ஒரே ஒரு பெரிய அரக்கனை நிறுத்துவதும் தப்பு. அவன் ஒரு அடி கொடுப்பதற்குள் நான்கு அடி வாங்கி இரண்டாவது சுற்றிலேயே விழுந்துவிடுவான்.

இன்னொரு வேறுபாடு வலிக்கும் வகையானது. கேமில் எஃப்5 அழுத்தினால் சேமிக்கலாம், எஃப்8 அழுத்தினால் திரும்பிப் போகலாம். மேசையில் விழுந்த பகடை விழுந்ததுதான். ஐந்தாம் பதிப்பின் 2014 விதிப்படி முதல் லெவல் மந்திரவாதிக்கு 6 ஹிட் பாயின்ட் (எவ்வளவு அடி தாங்குவார் என்ற எண்), உடல் வலுவுக்கு ஒன்று சேர்த்தால் 7. கோப்ளினின் தாக்குதல் கூட்டல் 4, அடி ஒரு ஆறுமுகப் பகடையும் 2-உம். மந்திரவாதியின் ஆர்மர் கிளாஸ், அதாவது அவரை அடிக்கத் தொட வேண்டிய இலக்கு எண், 12 என்றால் கோப்ளினுக்கு 65 சதவீத வாய்ப்பு. இரண்டு அடி பட்டால் பெரும்பாலும் ஆள் கீழே. பகடையில் 20 விழுந்து, இரட்டிப்பான ஆறுமுகப் பகடைகள் இரண்டும் ஆறு காட்டினால் அடி 14. ஏழில் பூஜ்யத்துக்கு வந்தபின் மிச்சம் ஏழு. மிச்ச அடி முழு ஹிட் பாயின்டுக்குச் சமமாக இருந்தால் உடனடி மரணம் என்கிறது விதி. 720-இல் ஒரு தடவைதான் அப்படி விழும், ஆனாலும் விழும். 2014-இல் புதியவர்களுக்காக வந்த தொடக்கப் பெட்டியின் முதல் மோதலே நான்கு கோப்ளின்களின் பதுங்கல் தாக்குதல் என்பதால், முதல் நாளே சுருண்ட குழுக்கள் ஏராளம். புதிதாக டிஎம் ஆகிறவர் அங்கே கோப்ளின்களை இரண்டாகக் குறைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மூன்றாம் லெவலிலிருந்து தொடங்கினாலும் இந்தச் சிக்கல் போய்விடும்.

‘எதை வேணா செய்யலாம்’ என்பதன் விலை

மேசையின் பெருமையை ஒரு காட்சியில் கிட்டத்தில் பார்ப்போம். கயிற்றுப் பாலம். அந்தப் பக்கத்திலிருந்து ஆறு கோப்ளின்கள் ஓடி வருகின்றன.

“பாலத்துல விளக்கெண்ணெயை ஊத்திக் கொளுத்துறேன்டா.”

“எத்தனை குப்பி வச்சிருக்கே?”

“ரெண்டு.”

“பாலம் நாப்பதடி. ஒரு குப்பி அஞ்சடிக்குத்தான் வரும். எங்க ஊத்துறே?”

“நம்ம பக்கத்து முனையில, கயிறு கட்டியிருக்கிற எடத்துல.”

இப்போது டிஎம் என்ன செய்வார்? 2014 விதிநூல் சொல்வது இதுதான்: ஒரு குப்பி எண்ணெய் தரையில் ஐந்தடிச் சதுரத்தை நனைக்கும், கொளுத்தினால் இரண்டு சுற்று எரியும், அதில் நுழைபவருக்கு 5 தீக்காய அடி. சாதாரணக் கயிற்றுக்கு 2 ஹிட் பாயின்ட் என்றும் அதே நூலில் இருக்கிறது. எழுத்துப்படி பார்த்தால் கயிறு உடனே அறுந்துவிட வேண்டும். ஆனால் பாலத்தைத் தாங்கும் கயிறு கைப்பிடித் தடிமனில் இருக்கும். அனுபவமுள்ள டிஎம் பத்து நொடியில் முடிவெடுப்பார்: “இந்தச் சுற்று தாங்கும். அடுத்த சுற்று முடிவுல அறும். அதுக்குள்ள முதல் ரெண்டு கோப்ளின் இந்தப் பக்கம் வந்துடும்.” எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். இந்தக் கணத்துக்காகத்தான் மேசை ஆட்டக்காரர்கள் ஆண்டுக்கணக்காக ஆடுகிறார்கள்.

பால்டர்ஸ் கேட் 3-இலும் எண்ணெய்ப் பரப்பு எரியும், பீப்பாய் வெடிக்கும். தரையும் தீயும் தண்ணீரும் ஒன்றோடொன்று வினைபுரிவதில் லாரியன் கைதேர்ந்தவர்கள். ஆனால் எந்தப் பாலம் அறுபடலாம் என்று அவர்கள் எழுதி வைத்தார்களோ அதுதான் அறுபடும். எழுதாத பாலம் நெருப்புக்கு நடுவிலும் கல்லுப்பிள்ளையார் போல நிற்கும்.

விலை என்னவென்றால், அந்தப் பத்து நொடி முடிவை ஒரு மனிதர் எடுக்க வேண்டும். அன்றிரவு முப்பது தடவை எடுக்க வேண்டும். விதிநூலைப் புரட்டி ஐந்து நிமிடம் தேடுபவராகவோ, தான் எழுதி வந்த கதை மாறக் கூடாது என்று “பாலம் ஈரமா இருக்கு, எரியாது” என்பவராகவோ இருந்தால், மேசையின் சுதந்திரம் அங்கேயே செத்துவிட்டது. அப்படிப்பட்ட மேசையை விட கேம் எவ்வளவோ மேல். இயந்திரத்துக்கு ஓரவஞ்சனை தெரியாது.

மொழியையும் இங்கே சொல்லிவிடலாம். பால்டர்ஸ் கேட் 3-இல் தமிழ் கிடையாது. மேசையில் கோப்ளின் தலைவன் மதுரைப் பேச்சில் மிரட்டலாம், ஊர்ப் பெரியவர் “வாங்க தம்பி, உக்காருங்க” என்று தொடங்கலாம். விதிச்சொற்களை ஆங்கிலத்திலும் பாத்திரப் பேச்சைத் தமிழிலும் வைத்துக்கொள்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவருகிறது. ‘சேவிங் த்ரோ’வை (ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் பகடை) தமிழாக்கி அட்டையில் எழுதினால் நூலில் தேடும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

கேமிலிருந்து கொண்டுவரும் பழக்கங்கள்

விதிகள் பாதி தெரியும் என்ற எண்ணமே முதல் மாத வாக்குவாதங்களுக்குக் காரணம், ஏனென்றால் தெரிந்தது லாரியன் திருத்திய விதி. கேமில் எந்தத் தேர்விலும் பகடையில் 1 விழுந்தால் தோல்வி, 20 விழுந்தால் வெற்றி. மேசையில் அது தாக்குதலுக்குத்தான் பொருந்தும். பூட்டுத் திறப்பது, பொய் சொல்வது போன்ற திறன் சோதனைக்கு இல்லை. ஐந்தாம் லெவல் திருடனுக்குப் பூட்டில் கூட்டல் 10 இருந்து, இலக்கு 10 என்றால் மேசையில் அவன் தோற்கவே முடியாது. கேமில் நூற்றுக்கு ஐந்து முறை தோற்பான்.

தள்ளிவிடுவதும் தாவுவதும் கேமில், முக்கியச் செயலுக்கு மேல் கூடுதலாகக் கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷன். மேசையில் தள்ளுவதற்கு ஒரு தாக்குதலை விட்டுக்கொடுக்க வேண்டும். தாவுவது நடைத் தூரத்தில் கழியும். மேட்டில் நின்று எய்தால் கூட்டல் 2 என்பது லாரியன் சேர்த்தது. யார் முந்துவது என்பதற்கு கேம் நான்குமுகப் பகடை உருட்டுகிறது, மேசையில் இருபது முகம். ஆகவே மேசையில் சுறுசுறுப்பான திருடன் கடைசியாக வருவதும் சகஜம். மருந்து குடிப்பதில் மட்டும் காற்று மறுபக்கம் அடித்திருக்கிறது: 2014 விதியில் முழு ஆக்‌ஷனாக இருந்தது, 2024 திருத்தத்தில் கேமைப் போலவே போனஸ் ஆக்‌ஷன் ஆகிவிட்டது. எந்த ஆண்டு விதியில் ஆடுகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கேமில் தொடர்ந்து தோற்கும் வரிசையை மட்டுப்படுத்த ‘கார்மிக் டைஸ்’ என்ற அமைப்பு இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். அதை அணைக்காமல் ஆடியவர்களுக்கு மேசைப் பகடை துரோகம் செய்வதுபோலத் தெரியும். 55 சதவீத வாய்ப்பில் நான்கு முறை அடுத்தடுத்துத் தோற்பது நூற்றுக்கு நான்கு தடவை நடக்கக்கூடியதே. ஓர் இரவில் உருட்டும் அளவுக்கு அது யாருக்காவது நடந்தே தீரும்.

ஓய்வுதான் ஆட்டத்தின் சமநிலையையே குலைப்பது. கேமின் சாதாரண நிலையில் நாற்பது புள்ளி மதிப்புக்கு உணவுப் பொருள் இருந்தால் முகாமிட்டுத் தூங்கி எல்லா மந்திரத்தையும் மீட்டுக்கொள்ளலாம். பையில் உணவு எப்போதும் நிரம்பி வழியும். 2014 விதி ஒரு நாளில் ஆறிலிருந்து எட்டு நடுத்தர மோதல்கள் வரும் என்று கணக்கிட்டு மந்திரங்களை அளந்து கொடுத்தது. நீண்ட ஓய்வு 24 மணி நேரத்துக்கு ஒன்றுதான். ஒரு சண்டை முடிந்ததும் “தூங்கிடலாம்” என்ற கேம் பழக்கத்தை டிஎம் அனுமதித்தால், மந்திரவாதி ஒவ்வொரு சண்டையிலும் கையிருப்பு முழுவதையும் கொட்டுவார். வாள்வீரர் வேடிக்கை பார்ப்பார். தடைபோடுவதைவிடக் கதையில் நேரத்தைக் கட்டுவது எடுபடும். “பௌர்ணமிக்குள் சிறைபிடிக்கப்பட்டவனைப் பலி கொடுப்பார்கள், இன்னும் இரண்டு இரவு” என்று சொல்லிவிட்டால் யாரும் சும்மா படுக்க மாட்டார்கள்.

கடைசியாக, பொத்தான் பழக்கம். ஆல்ட் விசையை அழுத்திப் பொருட்களை மின்ன வைத்துப் பழகியவர் மேசையில் “பெர்செப்ஷன் போடறேன்” (கவனிக்கும் திறனுக்கான சோதனை) என்று பகடையை உருட்டிவிட்டுக் காத்திருப்பார். எங்கே, எப்படித் தேடுகிறார் என்று சொல்ல வைக்க வேண்டும். “மேசை இழுப்பறையை வெளியே உருவி அடியைத் தடவிப் பார்க்கிறேன்” என்றால், ரகசியம் அங்கேதான் இருக்கிறது என்றால், பகடையே வேண்டாம், கொடுத்துவிடலாம். டிஎம் பக்கத்தில் இதற்கு இணையான தப்பு, கதை நகரத் தேவையான துப்பை ஒரே ஒரு பகடைக்குப் பின்னால் பூட்டி வைப்பது. அது தோற்றால் ஆட்டம் முட்டுச்சந்தில் நிற்கும். முக்கியமான துப்பு எதையும் மூன்று இடத்தில் வையுங்கள். ஆட்டக்காரர்கள் ஒன்றைத் தவறவிடுவார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது கைகொடுக்கும்.

‘வீடியோ கேம் மாதிரி இருக்கு’ என்ற வசவு

மேசை ரசிகர்களிடையே இது பழைய வசை. 2008-இல் வந்த நான்காம் பதிப்பின் மேல் அதிகம் விழுந்தது. திறமைகள் ‘எப்போதும்’, ‘சண்டைக்கு ஒரு முறை’, ‘நாளுக்கு ஒரு முறை’ என்று பிரிக்கப்பட்டிருந்தன. காப்பாளர் வகைப் பாத்திரம் ஓர் எதிரியைக் குறிவைத்தால், அந்த எதிரி வேறு யாரைத் தாக்கினாலும் அவன் தாக்குதல் பகடையில் 2 குறையும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய கேம் ஆடியவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த முகம். குற்றச்சாட்டில் பாதி சரி. சண்டை விதிகள் தெளிவாகவும் இறுக்கமாகவும் இருந்தன; கட்டம் போட்ட வரைபடம் இல்லாமல் ஆடவே முடியாது. ஆனால் சண்டைக்கு வெளியே டிஎம்மின் வாயை எந்த விதியும் கட்டவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. லெவல், ஹிட் பாயின்ட், எக்ஸ்பி (அனுபவப் புள்ளி), வகுப்பு (மந்திரவாதி, வீரன் போன்ற பாத்திர வகை) எல்லாமே இந்த மேசை ஆட்டத்தை உருவாக்கிய கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் வெளியிட்ட மூன்று சிறு புத்தகங்களில் இருந்தவை. 1975-லேயே இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினியில் அதை கேமாக்கிவிட்டார்கள். தாத்தாவைப் பார்த்து “பேரன் ஜாடை அடிக்குது” என்று குறைசொல்வதுபோல் இருக்கிறது இது.

காசும் இடமும்

செலவில் மேசைக்கே வெற்றி. விதிகளின் மையப் பகுதியை உரிமையாளரான விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் 2023 ஜனவரியில், யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டது, பிடிஎஃப் இலவசம். தேவையானது ஏழு பகடை கொண்ட செட், பென்சில், பாத்திரத் தாள், கட்டம் போட்ட நோட்டு. விதிநூல் வாங்குவதானால் டிஎம் ஒருவர் வாங்கினால் போதும். கேம் 59.99 டாலர். இணையத்தில் நான்கு பேர் சேர்ந்து ஆட நான்கு பிரதி வேண்டும். ஒரே வீட்டில் திரையைப் பிரித்து இருவர் ஆட ஒன்று போதும். அதோடு 150 ஜிபி இடம், எஸ்எஸ்டி, குறைந்தபட்சம் 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 970 வகை கிராஃபிக்ஸ் கார்டு. பழைய மடிக்கணினி வைத்திருக்கும் ஒருவர் குழுவில் இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது.

மேசை கேட்பது நேரத்தை. மூன்று மணி நேர அமர்வுக்கு டிஎம் குறைந்தது ஒரு மணி நேரமாவது தயார் செய்ய வேண்டும்: மூன்று இடம், ஒரு சண்டைக்கான எண்கள், அவசரத்துக்குப் பத்துப் பெயர் எழுதிய அட்டை. அதற்கு மேல் எழுதினால் பெரும்பாலும் வீண், ஆட்டக்காரர்கள் அந்தப் பக்கமே போக மாட்டார்கள்.

நடுவில் இருக்கும் வழிகள்

ஊர் பிரிந்த குழுவுக்கு ரோல்20, ஃபவுண்ட்ரி போன்ற இணைய மேசைகள் உண்டு. ரோல்20-ஐ இலவசமாகவே உலாவியில் தொடங்கலாம். ஃபவுண்ட்ரிக்கு டிஎம் மட்டும் ஒரு தடவை 50 டாலர் கட்ட வேண்டும். கணக்கை இவை பார்த்துக்கொள்வதால் சண்டை வேகமாகும். ஆபத்து, டிஎம் சுவருக்கும் வெளிச்சத்துக்கும் மணிக்கணக்கில் கோடு போட்டுக் கடைசியில் மட்டமான வீடியோ கேம் ஒன்றைச் செய்துவிடுவது. ஓர் அமர்வுக்கு ஒரு வரைபடம், வெளிச்ச வித்தை வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சென்னையிலும் ஒருவர் டொரொன்டோவிலும் என்றால் இங்கே சனி இரவு ஏழரை அங்கே காலை பத்து, குளிர்காலத்தில் ஒன்பது. மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரம் மாறும் வாரத்தில்தான் ஆள் தவறும்.

விதியை மட்டும் சுத்தமாகக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் 2021-இல் வந்த சொலாஸ்டா என்ற கேம், பால்டர்ஸ் கேட் 3-ஐவிட மூல விதிக்கு நெருக்கமானது. கதை சுமார்தான். தனியாளுக்கு மேசை அனுபவம் வேண்டுமென்றால் 2018-இல் வந்த அயர்ன்ஸ்வோர்ன் என்ற பகடை ஆட்டம் இலவசம். ஒரு ஆறுமுகப் பகடையோடு திறனைக் கூட்டி, இரண்டு பத்துமுகப் பகடைகளோடு ஒப்பிட வேண்டும். இரண்டையும் மிஞ்சினால் முழு வெற்றி, ஒன்றை மட்டும் மிஞ்சினால் விலை கொடுத்துக் கிடைக்கும் வெற்றி. டிஎம் வேண்டாம். நோட்டுப் போட்டு எழுதும் பொறுமை வேண்டும்.

எந்தக் குழுவுக்கு எது

இரண்டு பேர் என்றால் கேமையே வேறு பாத்திரங்களோடு மறுபடி ஆடுங்கள். முடிந்தால் ஒரே ஒரு சேமிப்போடு ஆடும் ஹானர் மோடில். எஃப்8 கைகொடுக்காத ஆட்டம் எப்படியிருக்கும் என்று மேசைக்குப் போகாமலே தெரிந்துவிடும். மூன்று நான்கு பேர் இருந்தும் டிஎம் ஆக யாரும் மனதார முன்வரவில்லை என்றாலும் கேம்தான். யாரையாவது கட்டாயப்படுத்தி உட்கார வைத்த மேசை நீடிக்காது. சேர்ந்து கேம் ஆடுவதிலும் ஒரு தொல்லை உண்டு: பேச்சில் கெட்டிக்காரப் பாத்திரம் கடையில் நிற்க, முரட்டு வீரன் வழியில் யாரிடமோ மாட்டிக்கொண்டு பேச்சுத் தேர்வைத் தானே உருட்டுவான். கதவைத் திறக்கும் முன் கூப்பிடு என்று ஒரு சொந்த விதி வைத்துக்கொண்டால் தப்பிக்கலாம்.

டிஎம் ஆக ஆசைப்படும் ஒருவரும், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மூன்று மணி நேரம் ஒதுக்கக்கூடிய மூவரோ நால்வரோ இருந்தால் மேசைக்கு வாருங்கள். முதலில் ஒரு மணி நேரம் பகடையே இல்லாமல் உட்கார்ந்து நான்கு விஷயம் பேசி முடியுங்கள்: எந்தக் கிழமை, எத்தனை பேர் வந்தால் ஆட்டம் நடக்கும் (நால்வரில் மூவர் என்பது சரியான எண்), கதையில் வரவே கூடாதது எது, பாத்திரங்களுக்கு ஒருவரையொருவர் ஏற்கெனவே எப்படித் தெரியும். அடுத்து, தயாராக இருக்கும் பாத்திரத் தாள்களோடு ஒரே இரவில் முடியும் சிறு சாகசம் ஒன்று. அது முடிந்து எல்லோரும் செருப்பு மாட்டுவதற்குள் அடுத்த தேதி முடிவாகிவிட்டதா என்று பாருங்கள். “குரூப்ல மெசேஜ் போடு, பாத்துக்கலாம்” என்று கலைந்தால், அந்த 150 ஜிபியை இப்போதைக்கு அழிக்க வேண்டாம்.